டூம் விளையாட்டை விண்டோஸ் 11-ல் ஓட்டுவது எப்படி? (வாட் கோப்புத் தலைவலியும் சேர்த்து)

1993 டிசம்பர் 10-ல் வந்த டூமை என் மடிக்கணினியில் ஓட்ட எனக்கு இரண்டு ராத்திரி ஆனது. உங்களுக்கு இருபது நிமிடம் போதும். பழைய டாஸ் நிரல்களை ஓட்ட உதவும் டாஸ்பாக்ஸ் பக்கம் போகவே வேண்டாம். டூமை உருவாக்கிய ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் 1997-லேயே அதன் மூலநிரலை வெளியிட்டுவிட்டது. 1999-ல் அது, யாரும் திருத்திப் பகிரலாம் என்ற ஜிபிஎல் உரிமத்துக்கும் வந்தது. அதை இன்றைய கணினிகளுக்கு ஏற்ப ஆட்கள் திருத்தி வைத்திருக்கிறார்கள். சோர்ஸ் போர்ட் என்று சொல்வது அதைத்தான்.

படி 1: க்ரிஸ்பி டூம் என்ற சோர்ஸ் போர்ட்டை இறக்கி, ஒரு ஃபோல்டரில் விரித்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஜிஇசட்டூம் என்ற இன்னொரு போர்ட்டைச் சொல்வார்கள். அதன் செட்டிங்ஸில் நுழைந்தால் விளையாட நேரம் மிஞ்சாது. சாக்லேட் டூம் பழைய 320×200 படத்தை அப்படியே காட்டும். அழகுதான், என் கண்தான் ஒத்துழைக்கவில்லை.

படி 2: வாட் என்பது விளையாட்டின் தரவுக் கோப்பு. இலவச ஷேர்வேர் பதிப்பின் டூம்1.வாட் கோப்பை அதே ஃபோல்டரில் போட்டு, க்ரிஸ்பி டூமை டபுள் கிளிக் செய்யுங்கள். முதல் எபிசோட், 9 மேப்கள், ஓடும்.

படி 3: நான் விழுந்த இடம். டூமை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் ரொமேரோ 2019-ல் சிஜில் என்று புதிதாக ஒரு எபிசோடே வெளியிட்டார். அதன் வாட் கோப்பை இழுத்து க்ரிஸ்பி டூம் ஐகான் மேல் போட்டேன். ஷேர்வேரோடு கூடுதல் கோப்பு சேர்க்க முடியாது, ‘ரெஜிஸ்டர்!’ என்று ஒரு செய்தி வந்து நின்றுவிட்டது. நானும் எங்கே ரெஜிஸ்டர் செய்வது என்று அரை மணி நேரம் தேடினேன்! அது மூலநிரலிலேயே கிடக்கும் பழைய வியாபாரப் பேச்சு. முதல் எபிசோடை ஊரெல்லாம் இலவசமாகக் கொடுத்து, மீதியைக் காசு கொடுத்து வாங்க வைத்த காலம் அது.

விஷயம் இதுதான்: வாட் இரண்டு வகை. படம், சத்தம், மேப் எல்லாம் அடங்கியது ஐவாட். அதன்மேல் ஏறும் மாற்றங்கள் பிவாட். ஐவாட் குழம்பு என்றால் பிவாட் தாளிப்பு. வெறும் தாளிப்பை ஊற்றிச் சோறு தின்ன முடியாது. சிஜில் ஒரு பிவாட். அதற்கு முழுப் பதிப்பின் டூம்.வாட் வேண்டும். ஸ்டீம், கோக் (GOG) என்ற இணைய விளையாட்டுக் கடைகளில் ஒன்றில் வாங்கி, இன்ஸ்டால் ஆன ஃபோல்டரில் வாட் என்று தேடி, அதை எடுத்து வந்து போடுங்கள். காசு செலவழிக்க மனமில்லையா? ப்ரீடூம் என்ற இலவச ஐவாட் இருக்கிறது. படங்களும் மேப்களும் வேறு, ஆனால் பொழுது போகும்.

பின்சேர்க்கை: மவுஸை முன்னே தள்ளினால் ஆளும் முன்னே ஓடுகிறான் என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். கூடவே வரும் செட்டப் நிரலில் மவுஸ் பகுதிக்குப் போய், செங்குத்து அசைவை அனுமதிக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று: மேடைமேல் நிற்கும் அரக்கனை அண்ணாந்து பார்க்க முடியவில்லையே என்றால், பழைய டூமில் அந்த வசதியே கிடையாது. அவன் இருக்கும் திசைக்கு நேராகத் திரும்பிச் சுடுங்கள். குண்டு தானே மேலே ஏறிப் போகும்.