ஹாலில் வைக்கக் குட்டி கேமிங் பிசி: காசுக்குத் தகுமா, எப்படி அசெம்பிள் செய்வது

டிவிக்குப் பக்கத்தில் அடக்கமாக உட்காரும் கேமிங் பிசி வேண்டும் என்று முடிவெடுக்கும் முன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். கேம் விளையாட மட்டும்தான் அந்தப் பெட்டி, வேலைக்கும் படிப்புக்கும் வீட்டில் ஏற்கெனவே நல்ல கம்ப்யூட்டர் இருக்கிறது என்றால் கன்சோல்தான் (டிவியில் செருகி கேம் விளையாடவென்றே வரும் பெட்டி) லாபம். சோனியின் பிஎஸ்5 (ப்ளேஸ்டேஷன் 5) கன்சோலின் டிஸ்க் வகை 2021 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோது 49,990 ரூபாய். 2022 நவம்பரில் 54,990 ஆனது. அந்தத் தொகைக்கு இன்று ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டும் நடுத்தர ப்ராசஸரும் வாங்கும்போதே பணம் தீர்ந்துவிடும். மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, பவர் சப்ளை, கேபினெட், கன்ட்ரோலர், விண்டோஸ் லைசென்ஸ் எல்லாம் அதற்கு மேல்.

அதே பெட்டியில் வீட்டு வேலையும் நடக்க வேண்டும், பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போட வேண்டும் என்றால் கணக்கு மாறுகிறது. கன்சோல் விலை, புது லேப்டாப் விலை, ஆன்லைனில் மற்றவர்களோடு விளையாடக் கன்சோலுக்கு ஆண்டுதோறும் கட்டும் சந்தா, இந்த மூன்றையும் கூட்டுங்கள். அந்தத் தொகைக்குள் பிசி அடங்கினால் தாராளமாக வாங்கலாம். நான்கைந்து வருடம் கழித்துக் கிராபிக்ஸ் கார்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பதும் பிசியின் பெரிய பலம். ஆனால் அதற்கு இடம் விட்ட கேபினெட்டும் தாங்கும் பவர் சப்ளையும் முதல் நாளே இருக்க வேண்டும்.

வேறு அறையில் ஏற்கெனவே கேமிங் பிசி வைத்திருப்பவர்கள் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். பிசியில் படத்தை அனுப்பும் ‘சன்ஷைன்’ ஆப், டிவியில் அல்லது ஆண்ட்ராய்டு பாக்ஸில் அதை வாங்கிக் காட்டும் ‘மூன்லைட்’ ஆப், இரண்டும் இலவசம். பிசியிலிருந்து ரவுட்டருக்கும் ரவுட்டரிலிருந்து டிவிக்கும் கேட்6 லேன் கேபிள் இழுத்தால் போதும். பல ஸ்மார்ட் டிவிகளின் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ் வேகம்தான். பிட்ரேட்டை (நொடிக்கு அனுப்பும் டேட்டா அளவை) 60 முதல் 80 எம்பிபிஎஸுக்குள் வைத்தால் அதிலேயே ஓடும்.

எவ்வளவு குட்டி?

சிறிதாக்கச் சிறிதாக்க விலையும் சூடும் ஏறும். பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். கேபினெட் அளவை லிட்டரில் சொல்வார்கள். வழக்கமான டவர் 40 லிட்டருக்கு மேல் இருக்கும். லியான் லீ ஏ3 26.3 லிட்டர், நடுத்தர அளவான மைக்ரோ ஏடிஎக்ஸ் மதர்போர்டும் டவரில் போடும் சாதாரண ஏடிஎக்ஸ் பவர் சப்ளையும் அதில் போகும். கூலர் மாஸ்டர் என்ஆர்200 18 லிட்டர் சொச்சம். ஃப்ராக்டல் ரிட்ஜ் 12.6 லிட்டர்; கன்சோல் போல ஒல்லி, நிற்கவும் வைக்கலாம், படுக்கவும் வைக்கலாம்.

இவற்றில் 18 லிட்டரும் அதற்குக் கீழும் போனால் 170 மி.மீ. சதுரமான மினி ஐடிஎக்ஸ் போர்டும் சிறிய எஸ்எஃப்எக்ஸ் வகை பவர் சப்ளையும் வாங்கியாக வேண்டும். ஒரே சிப்செட், ஒரே வாட் என்றாலும் சாதாரண அளவைவிட ஒன்றரை மடங்கு, சில சமயம் இரு மடங்கு விலை. இரண்டையும் கேபினெட்டையும் சேர்த்தால் பொதுவாகப் பதினைந்தாயிரம் ரூபாயாவது கூடும். அந்தப் பதினைந்தாயிரத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போட்டால் ஒரு படி மேலான கார்டே கிடைக்கும். ஆகவே டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஓர் அடி அகலம் தரையில் இருக்கிறதென்றால் ஏ3 போன்றதே எங்கள் பரிந்துரை. ஷெல்ஃபுக்குள் நுழைந்தே ஆக வேண்டும் என்றால் மட்டும் ரிட்ஜ் போன்றதற்குப் போங்கள். 10 லிட்டருக்குக் கீழ் சொந்தமாக அசெம்பிள் செய்வதில் செலவுக்கேற்ற பலன் இல்லை. ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையை நடத்தும் வால்வ் 2025 நவம்பரில் அறிவித்த ஸ்டீம் மெஷின் சுமார் 16 செ.மீ. கனசதுரம்தான், அந்த அளவு சாத்தியமானது பாகங்களை அதற்கென்றே வடிவமைத்ததால். அதில் கிராபிக்ஸ் மெமரி 8 ஜிபி, அந்தக் கிராபிக்ஸ் சிப்பை மாற்றவும் முடியாது.

ஷெல்ஃபை அளக்கும்போது ஆழத்தை மறக்காதீர்கள். பின்னால் எச்டிஎம்ஐ கேபிள் வளைய 8 முதல் 10 செ.மீ. விட வேண்டும். காற்று உறிஞ்சும் பக்கத்தில் குறைந்தது 5 செ.மீ. கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸ் என்றால் விளையாடும்போது கதவு திறந்தே இருக்க வேண்டும். பின்பலகை மூடியிருந்தால் அதில் ஒரு கைப்பிடி அளவுக்காவது வெட்டிவிடச் சொல்லுங்கள்.

பாகங்கள்

4கே டிவிக்கு என்று வாங்குகிறவர்கள் 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டைத் தவிர்க்க வேண்டும். புதிய கேம்களில் 4கே டெக்ஸ்சர்கள் அந்த மெமரியில் அடங்காமல் படம் திக்கித் திக்கி ஓடும். 16 ஜிபி உள்ளவற்றில் ரேடியான் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 160 வாட், ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 180 வாட். இரண்டும் இரண்டு ஃபேன் கொண்ட குட்டைக் கார்டாகக் கிடைக்கின்றன. இரண்டுமே நேரடி 4கேவில் புதிய கேம்களை முழு அமைப்பில் ஓட்டும் வலு கொண்டவை அல்ல. ஆனால் படத்தைப் பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ் (ஆர்டிஎக்ஸில்) அல்லது எஃப்எஸ்ஆர்4 (ரேடியானில்) வசதியின் ‘பெர்ஃபார்மன்ஸ்’ முறையில் உள்ளே 1080பி-யில் வரைந்து 4கேவாக விரிக்கும். எட்டு அடி தள்ளி சோபாவில் உட்கார்ந்து பார்க்கையில் வித்தியாசம் சுலபத்தில் தெரியாது. டிவி 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 படம்) என்றால் இதற்கு மேல் செலவழிப்பது வீண். பழைய ஃபுல் எச்டி டிவி என்றால் 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 5060 போதும்.

கார்டு வாங்கும்போது நீளம் மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். தடிமனையும் மி.மீ. கணக்கில் பாருங்கள். பவர் கேபிள் மேல்பக்கம் செருகுவதாக இருந்தால் அது வளைய இன்னும் 25 மி.மீ. தேவை.

ப்ராசஸருக்கு ரைசன் 5 7600. 65 வாட் வகை, ஆறு கோர், கூடவே வரும் கூலரின் உயரம் 54 மி.மீ. என்பதால் 70 மி.மீ. வரை இடம் தரும் ரிட்ஜிலும் நுழையும். சத்தம் பிடிக்காதவர்கள் பிறகு கூலரை மாற்றலாம். விலை குறைவு என்று 7500எஃப் வாங்காதீர்கள். அதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை; ரைசர் (போர்டையும் கார்டையும் இணைக்கும் நீட்டிப்புக் கேபிள்) உள்ள கேபினெட்டில் அது ஏன் வம்பு என்று கீழே சொல்கிறோம்.

ரேம்தான் இன்று கணக்கைக் கெடுக்கும் பாகம். 2025 இறுதியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டதால் டிடிஆர்5 விலை பல மடங்கு ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம் ‘குரூஷியல்’ சில்லறை வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தது. மினி ஐடிஎக்ஸ் போர்டில் ரேம் ஸ்லாட் இரண்டே இரண்டு. 8 ஜிபி வீதம் இரண்டு போட்டால் பின்னாளில் 32 ஆக்க இரண்டையும் கழற்றி விற்க வேண்டும். பணம் இருந்தால் 16 ஜிபி இரண்டு. இல்லையென்றால் இப்போது 16 ஜிபி ஒன்று, விலை இறங்கியதும் அதே மாடலில் இன்னொன்று. ஒற்றை ரேமில் ஃப்ரேம் (நொடிக்கு வரும் படங்கள்) குறையத்தான் செய்யும், ஆனால் எதையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. பழைய டிடிஆர்5 கம்ப்யூட்டரிலிருந்து ரேம் கழற்ற முடிந்தால் அதுதான் பெரிய மிச்சம். லேப்டாப் ரேம் மட்டும் இதில் பொருந்தாது.

எஸ்எஸ்டி 1 டிபி என்விஎம்இ. பவர் சப்ளை 600 அல்லது 650 வாட், ‘கோல்டு’ என்ற மின்சிக்கன முத்திரை உள்ளது. மொத்தப் பெட்டியும் விளையாடும்போது 300 வாட் அளவில்தான் இழுக்கும், ஆனால் கிராபிக்ஸ் கார்டு நொடிப்பொழுதில் எகிறி இழுப்பதைத் தாங்கவும் அடுத்த கார்டுக்கும் அந்த உபரி வேண்டும்.

அசெம்பிள் செய்யும் வரிசை

கேபினெட்டுக்குள் வைப்பதற்கு முன் மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே போர்டை வைத்து ப்ராசஸர், கூலர், ரேம், எஸ்எஸ்டி எல்லாம் பொருத்துங்கள். சில ஐடிஎக்ஸ் போர்டுகளில் எஸ்எஸ்டி ஸ்லாட் அடிப்பக்கம் இருக்கும். மாட்டிய பிறகு அதற்குக் கை போகாது. கிராபிக்ஸ் கார்டு இல்லாமல், பவர் சப்ளையை இணைத்து, போர்டின் எச்டிஎம்ஐயை டிவியில் செருகி ஆன் செய்யுங்கள்.

முதல் முறை திரை கறுப்பாகவே இருக்கும். ரைசன் 7600 உட்காரும் ஏஎம்5 வகை போர்டுகள் ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். பத்து நிமிடம்வரை பொறுங்கள். போர்டு செத்துவிட்டது என்று நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பயாஸுக்குள் (போர்டின் அமைப்புத் திரைக்குள்) போனதும் முதலில் பயாஸ் அப்டேட், பிறகு எக்ஸ்போ (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன், அதன் பிறகு முக்கியமான ஒன்று: ரைசர் கேபிள் உள்ள கேபினெட் என்றால் கார்டு செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டின் வேகத்தை ‘ஆட்டோ’விலிருந்து ஜென்4க்கு (நான்காம் தலைமுறைக்கு) மாற்றுங்கள்.

காரணம் இதுதான். ரிட்ஜ் போன்றவற்றோடு வரும் ரைசர் ஜென்4க்கானது. இன்றைய கார்டுகள் ஜென்5. போர்டும் ஜென்5 ஸ்லாட் உள்ளதாக இருந்தால் இரண்டும் ஜென்5 வேகத்தில் பேச முயலும். இடையில் உள்ள கேபிள் அதைத் தாங்காது. திரை வராது, அல்லது விளையாட்டின் நடுவில் கறுப்பாகும். கார்டு பழுது என்று கடைக்குத் திருப்பி அனுப்பப்படுபவற்றில் இதுவும் உண்டு. ஜென்4க்கு இறக்குவதால் கேமில் வித்தியாசம் தெரியாது. 7600-இல் உள்ளமைந்த கிராபிக்ஸ் இருப்பதால் கார்டு இல்லாமலே இதை மாற்ற முடிகிறது. பயாஸ் ரீசெட் ஆனால் அமைப்பும் ‘ஆட்டோ’வுக்குத் திரும்பிவிடும், அப்போது ரைசரைக் கழற்றி, போர்டின் எச்டிஎம்ஐ வழியே மறுபடி மாற்றுங்கள்.

பிறகு கேபினெட்டில் பவர் சப்ளை, அடுத்து கேபிள்கள், அடுத்து போர்டு, கடைசியில் கார்டு. வைஃபை ஆன்டெனாவைக் கட்டாயம் திருகிவிடுங்கள். ப்ளூடூத்தும் அதன் வழியாகத்தான் போகிறது. ஆன்டெனா இல்லாவிட்டால் சோபாவிலிருந்து கன்ட்ரோலர் விட்டுவிட்டு வேலை செய்யும். யுஎஸ்பி டாங்கிள் கன்ட்ரோலர் என்றால் ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் போட்டு டாங்கிளை முன்னால் கொண்டுவாருங்கள். பின்னால் உள்ள யுஎஸ்பி 3 போர்ட்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும்.

டிவியும் மென்பொருளும்

டிவியின் எல்லா எச்டிஎம்ஐ போர்ட்டும் ஒன்றல்ல; முழு வேகம் ஒன்றிரண்டில்தான். எல்ஜியில் ‘டீப் கலர்’, சாம்சங்கில் ‘இன்புட் சிக்னல் ப்ளஸ்’, சோனியில் ‘என்ஹான்ஸ்டு’ என்ற அமைப்பை ஆன் செய்யாவிட்டால் 4கே 60கூட முழு நிறத்தில் வராது. கேம் மோடு ஆன், இன்புட் பெயரை ‘பிசி’ என்று மாற்றுதல், ஓரம் வெட்டுப்பட்டால் ‘ஜஸ்ட் ஸ்கேன்’ அல்லது ‘ஸ்க்ரீன் ஃபிட்’. எழுத்துகளின் ஓரம் மங்கலாகத் தெரிந்தால் நிறம் சுருக்கப்பட்டு வருகிறது என்று பொருள்.

ஸ்டீமில் கன்ட்ரோலராலேயே இயக்கும் ‘பிக் பிக்சர்’ முழுத்திரை முறையை விண்டோஸ் தொடங்கும்போதே தானாகத் திறக்கும்படி வைத்தால் கீபோர்டு பெரும்பாலும் தேவைப்படாது. டிவி ரிமோட்டால் பிசியை ஆன் செய்ய முடியாது. எச்டிஎம்ஐ வழியே அந்தக் கட்டளையை வாங்கும் சிஇசி வசதி கிராபிக்ஸ் கார்டுகளில் இல்லை. கன்சோலிலிருந்து மாறுகிறவர்களுக்கு இது உறுத்தும்.

விண்டோஸ் லைசென்ஸ் செலவைத் தவிர்க்க, கேமுக்கென்றே வந்த பஸைட் போன்ற லினக்ஸ் போடலாம், ரேடியான் கார்டில் அருமையாக ஓடும். ஆனால் வாலரன்ட், ஃபோர்ட்நைட், கால் ஆஃப் டூட்டி போன்றவற்றின் ஆன்டி சீட் (ஏமாற்று வேலையைத் தடுக்கும் மென்பொருள்) லினக்ஸை அனுமதிப்பதில்லை. 120 ஹெர்ட்ஸ் டிவி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ரேடியானின் திறந்தமூல டிரைவரில் எச்டிஎம்ஐ 2.1 (4கே படத்தை 120 ஹெர்ட்ஸில் அனுப்பும் தரநிலை) சேர்க்க 2024-இல் எச்டிஎம்ஐ ஃபோரம் அனுமதி மறுத்தது. 60 ஹெர்ட்ஸ் டிவிக்கு இதனால் ஒரு குறையும் இல்லை.

கரண்ட், சூடு, தூசி

ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் விளையாடினால் 300 வாட் பெட்டி இரண்டு மாத பில்லில் 54 யூனிட் சேர்க்கும். 200 வாட் அளவில் ஓடும் பிஎஸ்5 என்றால் 36. ஏற்கெனவே ஏசியால் மேல் ஸ்லாபில் இருக்கும் வீட்டில் இந்த வித்தியாசம் பில்லில் தெரியும்.

டிவியும் பிசியும் ஒரே மூன்று பின் ஸ்பைக் பஸ்டரில் இருக்கட்டும், எர்த் சரியாக இருக்கட்டும். எர்த் இல்லாத வீட்டில் கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இருக்கும். அதே மின்னழுத்தம் எச்டிஎம்ஐ கேபிள் வழியாகப் பாய்ந்து போர்ட்டைக் கருக்கிவிடலாம். கேபிளை மாட்டும்போதும் கழற்றும்போதும் இரண்டையும் சுவிட்சில் அணைத்துவிடுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதென்றால் அதை ‘யுபிஎஸ் மோடு’க்கு மாற்றுங்கள், ‘எகோ’வில் கரண்ட் போய் வரும் இடைவெளியைப் பவர் சப்ளை தாங்காமல் பிசி ரீஸ்டார்ட் ஆகும். 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தரும், டிவியையும் சேர்த்தால் போதாது. 1000 விஏ வாங்குங்கள்.

எல்லாம் முடிந்ததும், கடையில் மாற்றித் தரும் நாள்கள் முடிவதற்குள், ஒரு மதிய வேளையில் ஏசி போடாமல் கனமான கேம் ஒன்றை ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். கேபினெட் மூடி, ஷெல்ஃபுக்குள், தினமும் இருக்கப்போகிற இடத்திலேயே. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற வெப்பநிலை காட்டும் ஆப்பில் கிராபிக்ஸ் கார்டு 80 டிகிரிக்குள், ப்ராசஸர் 90க்குள் நின்றால் கவலை இல்லை. தாண்டினால் ஆஃப்டர்பர்னர் என்ற கார்டு அமைப்பு ஆப்பில் கார்டின் பவர் லிமிட்டை 85 சதவீதமாக்குங்கள். சில ஃப்ரேம்தான் குறையும், சூடும் சத்தமும் நன்றாகவே இறங்கும். அப்போதும் இறங்காவிட்டால் பெட்டியை ஷெல்ஃபுக்கு வெளியே வைத்து அதே சோதனையைச் செய்யுங்கள். பத்து டிகிரி குறைந்தால் கோளாறு ஷெல்ஃபில். குறையாவிட்டால் கூலர் சரியாக உட்காரவில்லை, அல்லது ஃபேன் தலைகீழாக மாட்டப்பட்டிருக்கிறது. தூசி வலையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றித் தட்டுங்கள். ரோட்டோர வீடு என்றால் வாரம் ஒருமுறை.