சந்தையை மூடினால் யார் தலையில் விழும்? கணக்கெடுக்கும் முறை

அடுத்த தொற்றுக்காலத்தில் அடைப்பு பற்றிப் பேச்சு வரும்போது ஊராட்சியின் கையில் ஒரு கணக்கு இருக்க வேண்டும். 'ஊரடங்கால் நஷ்டம்' என்று மொத்தமாக எழுதினால் அது எதற்கும் உதவாது. வாரச்சந்தை, திருவிழா, கல்யாண ஆள் வரம்பு, பள்ளி என ஒவ்வொரு தடைக்கும் தனித் தாள் போடுங்கள். தடை தொடங்கும் நாளையும் மறுபடி கூடிப் பேசும் நாளையும் தலைப்பிலேயே எழுதுங்கள்.

2020-ல் கல்யாணத்துக்கு 50 பேர் என்று வரம்பு வந்தது. செட்டிநாட்டில் அந்த அடி மண்டபத்தோடு நிற்காது. சமையல்காரர், அவர் கூட்டிவரும் காய் நறுக்குகிறவர்கள், பந்தல்காரர், மேளக்காரர், முறுக்கு சுற்றும் பெண்கள் வரை போகும். ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்வி கேளுங்கள்: முகூர்த்த மாதத்தில் என்ன வரும்? இப்போது என்ன வருகிறது? துண்டு விழுவதை எதைக் கொண்டு சமாளிக்கிறீர்கள்? மூன்றாவது பதில்தான் முக்கியம். நகை அடகு, குழுக்கடன் என்றால் தடை விலகிய பிறகும் வட்டி ஓடும். அதையும் மாதவாரியாகச் சேருங்கள்.

பலரும் தவறுவது ஒப்பீட்டில். தடையே இல்லாவிட்டாலும் நோய்க்குப் பயந்து ஜனம் சந்தைக்கு வராது. வழக்கமாக 100 ரூபாய் விற்ற இடத்தில், அடைப்புக்கு முந்தைய வாரமே 70-க்கு இறங்கி, அடைத்தபின் 20 ஆனால், அடைப்பின் பங்கு அதிகம் போனால் 50, 80 அல்ல. நோய் பெருகியிருந்தால் அந்த 70-ம் நிலைத்திருக்காது.

ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் தள்ளிப்போன ஆர்டர் முதலாளிக்குத் திரும்ப வரலாம். தொழிலாளிக்கு அந்த வாரக் கூலி போனது போனதுதான்; அவர் வீட்டில் சோற்றுக்கு உலை அன்றைக்கே வைத்தாக வேண்டும். ஆகவே தாளில் இருவருக்கும் தனித்தனி வரி எழுதுங்கள்.

பள்ளியை ரூபாயில் அளக்காதீர்கள். தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் 1 முதல் 8 வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தன. வருகைப் பதிவேட்டை வைத்துத் திரும்பாதவர்களை எண்ணுங்கள். 14 முதல் 17 வயதுப் பெண்பிள்ளைகளைத் தனியாக, பெயர் எழுதாமல். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள்.

அதே தாளின் மறுபக்கத்தில் தடை இல்லாவிட்டால் வரக்கூடிய சாவு, ஆஸ்பத்திரிச் செலவு, சம்பாதிப்பவர் படுத்தால் நிற்கும் வருமானம். பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சி இரண்டு பக்கத்திலும் வருவார்: தடை அவரைக் காக்கும், ஆனால் வேலைக்கார அம்மா வராவிட்டால் சர்க்கரை மாத்திரை வாங்கித் தர ஆளில்லை.

இதற்குப் பிறகு மாற்று வழிகளைப் பேசுங்கள். சந்தையை மைதானத்துக்கு மாற்றி இடம் விட்டுக் கடை போட்டால் எந்த வரிகள் போகும் என்று பென்சிலால் அடித்துப் பாருங்கள். மிஞ்சுகிற வரிகளுக்கு ஆட்களின் எண்ணிக்கையோடு நிவாரணம் கேட்டு, அடைப்பு தொடங்கும் முன்பே கலெக்டர் ஆபீஸில் மனு கொடுங்கள்.