எலியைக் கொல்லலாம், ஆனால் விடியற்காலை எழுந்து போய்ப் பார்க்க வேண்டும்

கீழேயிருந்து வந்து எங்கள் பக்கம் நிலம் வாங்குகிறவர்கள் முதல் வருஷம் பூண்டு விலை கேட்பார்கள், இரண்டாம் வருஷம் எலி மருந்து கேட்பார்கள். பக்கத்துத் தோட்டத்தைப் புதிதாக வாங்கிய தம்பி இன்னும் ஒரு படி மேலே போய், "அக்கா, பன்னிக்கு என்ன வைக்கலாம்?" என்று கேட்டுவிட்டார். அவரிடம் சொன்னதைத்தான் எழுதுகிறேன். கொடைக்கானல் மலையில் பூம்பாறைப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் 26 வருஷமாக உருளைக்கிழங்கும் பூண்டும் பீன்ஸும் போடுகிறேன். எதையுமே கொல்லக்கூடாது என்று சொல்கிற ஆள் இல்லை நான். விதைக் கிழங்கை எலி தின்று ஒரு போகத்தையே இழந்தவள்.

முதலில் எலி. 1972 வனவிலங்குச் சட்டத்தில் காக்கை, எலி, பழந்தின்னி வௌவால் எல்லாம் தனி அட்டவணையில் இருந்தன, கொன்றால் கேள்வி கிடையாது. 2022 திருத்தத்தில் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டார்கள். இப்போதும் எலியைக் கொன்றதற்காக யாரும் உங்களைத் தேடி வரப்போவதில்லை. ஆனால் சட்டம் விட்டுவிட்டது என்பதற்காக எப்படி வேண்டுமானாலும் கொல்லலாமா?

பொறி வைக்கும் முன் கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். பென்சில் நுழைகிற ஓட்டையில் சுண்டெலி நுழையும், கட்டைவிரல் நுழைந்தால் எலியே நுழையும். கம்பிப் பஞ்சைத் திணித்துச் சிமெண்டு பூசுங்கள். விதைக் கிழங்கைத் தரையில் கொட்டாமல் பரண் கட்டி வையுங்கள், பரண் காலில் எண்ணெய் டின்னை வெட்டிக் கூம்பு மாதிரி கவிழ்த்துவிடுங்கள். இதைச் செய்யாமல் பொறி வைப்பது, ஓட்டைப் பானையில் தண்ணீர் மொள்ளுகிற வேலை. பெண் எலி மூன்று வாரத்தில் குட்டி போட்டுவிடும். நீங்கள் ஒன்றைக் கொன்றால் வாசல் திறந்துதானே கிடக்கிறது, அடுத்தது வரும். அப்படி வீணாகக் கொன்றதுதான் எனக்கு உறுத்துகிறது.

அதற்கு மேலும் எலி இருந்தால் அடிக்கிற பொறி. எலி சுவரை ஒட்டித்தான் ஓடும். அதனால் பொறியின் வாய் சுவரைப் பார்த்து இருக்கட்டும். முதல் மூன்று நாள் பொறியை விரிக்காமல் சுட்ட தேங்காயோ கருவாட்டுத் துண்டோ மட்டும் வையுங்கள். பயம் தெளிந்து தின்னப் பழகிய பிறகு விரியுங்கள். பொறியை ஒரு பழைய பி.வி.சி. குழாய்க்குள்ளோ, இரண்டு பக்கமும் திறந்த பெட்டிக்குள்ளோ வைத்தால் குருவியும் அணிலும் மாட்டாது. பசை அட்டை வேண்டவே வேண்டாம். ஒருமுறை வாங்கினேன். காலையில் போய்ப் பார்த்தால் எலி தன் காலைத் தானே கடித்துக்கொண்டு கிடந்தது. என்னால் அதைப் பிய்க்கவும் முடியவில்லை, அடிக்கவும் கை வரவில்லை.

கூண்டில் பிடிக்கிறவர்கள் பெரும்பாலும் கூண்டோடு தண்ணீரில் அமுக்குவார்கள். நானும் செய்திருக்கிறேன். கையில் ரத்தம் படாது என்பதால் அது சுலபம் மாதிரி தெரியும். நின்று பாருங்கள், நிமிஷக்கணக்கில் ஆகும். கூண்டு வாயில் சாக்கைக் கட்டி எலியை அதற்குள் விரட்டி, மூலைக்குத் தள்ளி, கட்டையால் ஒரே அடி. கேட்கக் கொடூரமாக இருக்கும், எலிக்கு அதுதான் சீக்கிரம். அந்த ஓர் அடி அடிக்க முடியாதவர் கூண்டு வைக்க வேண்டாம், ஓட்டையை அடைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். சாயங்காலம் வைத்த பொறியை விடிந்ததும் பார்த்துவிட வேண்டும். கல்யாண வீட்டுக்குப் போகிறீர்கள் என்றால் பொறியை மூடிவிட்டுப் போங்கள். செத்ததைக் கையுறை போட்டு எடுத்துப் புதையுங்கள், எலி மூத்திரத்தில் காய்ச்சல் வரும்.

இப்போது மருந்து. கடையில் கேக் மாதிரி விற்பதைத் தின்ற எலி அன்றே சாகாது. உள்ளே ரத்தம் கசிந்து நாலைந்து நாள் தள்ளாடித் திரியும், தள்ளாடுகிற எலியை ஆந்தை சுலபமாகப் பிடிக்கும். பத்து வருஷத்துக்கு முன் எங்கள் கொட்டகைக்குப் பின்னால் ஓர் ஆந்தை தரையில் உட்கார்ந்திருந்தது. பகல் பதினோரு மணி. கிட்டே போனேன், பறக்கவில்லை. தொட்டேன், கண்ணைப் பாதி மூடித் திறந்தது. அலகு ஓரத்தில் ஒரு பொட்டு ரத்தம், அவ்வளவுதான். மருந்து வைத்தது நான்தான். ஒரு ராத்திரிக்கு இரண்டு மூன்று எலி பிடிக்கிற வேலைக்காரனை நானே அனுப்பிவிட்டேன். மஞ்சள் பாஸ்பரஸ் பசை இன்னும் மோசம், மனிதன் தின்றாலே மாற்று மருந்து கிடையாது. எங்காவது பழைய டப்பா கிடந்தால் வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

என் கணக்கு இதுதான்: நான் கொல்ல நினைத்தது எதுவோ அதுதான் சாக வேண்டும், அது செத்ததை நான் பார்க்க வேண்டும். இந்தக் கணக்கில் கண்ணியும், தீனிக்குள் வெடிமருந்து வைக்கிற அவுட்டுக்காயும் முதலிலேயே அடிபட்டுப் போகும்.

என் மாமனார் பைக் கிளட்ச் வயரில் கண்ணி கட்டுவார், பன்றிக்கு. அந்தக் காலத்தில் ஊரில் பாதிப் பேர் கட்டினார்கள். கல்யாணமான புதிதில் ஒருநாள் அவரோடு போனேன். முளைக்குச்சியைச் சுற்றி ஒரு வட்டம் களத்துமேடு மாதிரி புல்லே இல்லாமல் தேய்ந்திருந்தது. நடுவில் ஒரு பெண் கடமான். வயர் பின்னங்காலில் எலும்பு வரை இறங்கியிருந்தது. எத்தனை நாள் சுற்றியதோ தெரியாது, மழை என்று நாங்கள் மூன்று நாளாக அந்தப் பக்கமே போகவில்லை. மாமனார் ஒன்றும் பேசாமல் வயரை அறுத்தார். அது எழவில்லை. அதற்கப்புறம் அவர் கண்ணி கட்டியதை நான் பார்க்கவில்லை. இதே வயரில்தான் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் சிறுத்தையும் கரடியும் மாட்டுகின்றன. சட்டத்தில் கண்ணி வைப்பதே வேட்டைதான், எதுவும் மாட்டாவிட்டாலும் குற்றம். அவுட்டுக்காயைக் கடித்த யானை தாடை உடைந்து, தின்ன முடியாமல் பட்டினியில் சாகும். மாடும் கடிக்கும்.

'பன்றியைச் சுடலாமாமே' என்று தம்பி கேட்டார். 2025 ஜனவரியில் அரசு சொன்னது இது: காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது, ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விட வேண்டும், மூன்று கிலோமீட்டரைத் தாண்டினால் வனத்துறை ஆட்கள் சுடலாம். அவர்கள்தான், நாம் இல்லை. எங்கள் ஊரில் காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளிய தோட்டம் எது? 2013இல் கொடைக்கானல் சரணாலயமே வந்துவிட்டது. அதனால் சோலார் வேலிதான் வழி. விட்டுவிட்டு அடிக்கும், பன்றி கத்திக்கொண்டு ஓடும், சாகாது. காட்டை ஒட்டிய நிலமென்றால் வனத்துறையில் பதிவு செய்ய வேண்டும். கீழ்க்கம்பி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மேல் போனால் பன்றி முதுகைக் குனிந்து நுழைந்துவிடும். புல் கம்பியில் பட்டால் கரண்ட் இறங்கிவிடும், வாரம் ஒருமுறை செதுக்குங்கள். வீட்டு லைனில் கொக்கி போட்டு வேலிக்குக் கரண்ட் விடுகிறவனுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஊர்ப் பிள்ளைகள் அந்த வழியாகத்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

காட்டெருமை வந்தால் விரட்டாதீர்கள், பட்டாசு போடாதீர்கள். வந்த வழியைத் திறந்துவிட்டு, நாயைக் கட்டிவிட்டு, தள்ளி நில்லுங்கள். பீன்ஸ் போகும். ஆயிரம் கிலோ வரை எடை வருகிற மிருகம், மிரண்டால் பீன்ஸோடு நிற்காது. குரங்கைப் பிடித்து அடுத்த ஊரில் விடுகிறவர்களுக்கு ஒரு செய்தி: அந்த ஊர்க்காரரும் வண்டி வைத்திருக்கிறார். மண் வெட்டும்போது வால் வெட்டுப்பட்ட மாதிரி மொட்டையாக ஒரு சின்னப் பாம்பு வரும். மண்புழு தின்கிற பாம்பு அது. மண்வெட்டியால் கொத்திவிட்டுப் பெருமை பேசாதீர்கள்.

ஒரு காலத்தில் இந்த மலைகளில் செந்நாய்தான் தொல்லை. நீலகிரியில் துரைமார்கள் 1879இல் வேட்டைச் சட்டம் போட்டது தாங்கள் சுடுவதற்குக் கடமான் மிச்சமிருக்க வேண்டும் என்று. அதைத் தின்கிற செந்நாய்க்குச் சன்மானம் வைத்துக் கொன்றார்கள். செந்நாய் பன்றிக் குட்டியையும் தின்னும். இன்று நான் பன்றிக்கு வேலி போட்டுக்கொண்டிருக்கிறேன்.

நஷ்டஈடு கேட்க வேண்டும் என்றால் மிதித்த இடத்தை மழை அடிக்கும் முன் போட்டோ எடுத்து, சிட்டா, அடங்கலோடு ரேஞ்சர் ஆபீஸில் மனு கொடுங்கள். நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். போன வாரம் வேலியில் ஒரு கம்பி தளர்ந்து, பன்றி எட்டுப் பாத்திக் கிழங்கைத் தோண்டிவிட்டது. போட்டோ எடுத்தாகிவிட்டது. அடங்கல் வாங்க நாளைக்கு வி.ஏ.ஓ.வைப் பார்க்கப் போகிறேன், போகும் முன் அந்தக் கம்பியை இழுத்துக் கட்டிவிட்டு.