தனுஷ்கோடிச் சுவரின் துளைகளை நார்மல் மேப்பில் பதிவது எப்படி?

தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலுக்குப் பின் எஞ்சி நிற்கும் தேவாலயச் சுவரை நண்பகலில் பார்த்தால் வெளிறிய கல்லாக மட்டுமே தெரியும். வெயில் சாய்ந்ததும், சுவரை உரசியபடி ஒளி விழுவதால், பவளக்கல்லின் துளைகளும் வரிகளும் ஒவ்வொன்றாகத் துலங்கத் தொடங்கும். முப்பரிமாண மாடல்களின் மேல் போர்த்தும் நார்மல் மேப் என்ற படம் இந்த உண்மையைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது. மேற்பரப்பின் ஒவ்வொரு புள்ளியும் எத்திசையை நோக்கியிருக்கிறது என்பதை அது நிறமாகப் பதிந்துவைக்கிறது. சிவப்பு இடவலத்தையும், பச்சை மேல்கீழையும், நீலம் வெளிநோக்கிய திசையையும் குறிக்கின்றன. சமதளமான இடம் 128, 128, 255 என்ற வெளிர் ஊதாவாக இருக்கும்.

அச்சுவரின் ஒரு கல்லைப் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்து பார்ப்போம். மாதிரிக்கு, சாய்ந்த ஒளியில் எடுத்த புகைப்படங்களே போதும். கரையில் கிடக்கும் பவளத் துண்டுகளை எடுத்து வர வேண்டாம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது.

ஸ்கல்ப்ட் செய்ய, அதாவது செதுக்க, தொடங்கும் முன்பே ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். எவற்றை மெஷ்ஷில் (மாடலின் வடிவத்தை அமைக்கும் வலையில்) வைப்பது, எவற்றை மேப்புக்கு விடுவது? நார்மல் மேப் ஒளியின் சாயலை மாற்றுமே தவிர, பொருளின் விளிம்புக்கோட்டை மாற்றாது. எனவே, உடைந்து போன மூலையும், பக்கவாட்டிலிருந்து பார்த்தாலே தெரியும் கையகலப் பள்ளமும் மெஷ்ஷிலேயே இருக்க வேண்டும். ஊசித்துளைகள், அரிப்பு வரிகள், உப்புப் பூத்த சொரசொரப்பு ஆகியவை மேப்புக்குப் போகலாம். இடைப்பட்ட விரலளவுக் குழிகளில்தான் தொடக்கநிலையாளர் தடுமாறுவர். கேமரா அந்தக் கல்லை நெருங்காது என்றால் அவற்றையும் மேப்பிலேயே விட்டுவிடுவது என் வழக்கம்.

500 முகங்கள் (மெஷ்ஷின் சிறு பரப்புகள்) கொண்ட எளிய கல்லை உருவாக்கி, அதன் நகலில், முகங்களைப் பிரித்து நுணுக்கம் கூட்டும் மல்டிரெசல்யூஷன் மாடிஃபையரை ஆறு நிலை ஏற்றுங்கள். ஒவ்வொரு நிலையிலும் முகங்கள் நான்கு மடங்காவதால், நகலில் சுமார் 20 லட்சம் முகங்கள் இருக்கும். துளைகளை அதில் செதுக்குங்கள். எளிய கல்லை, பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று விழாதபடி யூவி விரித்துக்கொள்ளுங்கள், அதாவது அதன் மேற்பரப்பைத் தட்டையான படமாக விரியுங்கள். கல்லின் கூரிய விளிம்புகளை ஷார்ப் எனக் குறித்தால், அதே விளிம்புகளில் யூவி சீமும் (விரிப்பின் வெட்டுக்கோடும்) இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூலைகளில் கோடு விழும். இரண்டு மெஷ்களுக்கும் கன்ட்ரோல் ஏ அழுத்தி ஸ்கேலை உறுதிசெய்து, ஒரே இடத்தில் வையுங்கள்.

அடுத்தது பேக் செய்தல், அதாவது செதுக்கிய கல்லின் நுணுக்கங்களை எளிய கல்லுக்கான படமாகப் பதிதல். ரெண்டர் எஞ்சினாகச் சைக்கிள்ஸைத் தேர்ந்தெடுங்கள். எளிய கல்லின் மெட்டீரியலில் (மேற்பரப்பின் தோற்ற அமைப்பில்) 2048 × 2048 அளவுள்ள புதிய படத்துடன் ஓர் இமேஜ் டெக்ஸ்சர் நோடை (படத்தை ஏற்றும் கட்டத்தை) சேர்த்து, கலர் ஸ்பேஸை நான்-கலர் என்று மாற்றி, எதனோடும் இணைக்காமல் அந்த நோடைத் தேர்ந்த நிலையில் விடுங்கள். பிறகு செதுக்கிய கல்லை முதலிலும், ஷிஃப்டை அழுத்தியபடி எளிய கல்லை அடுத்ததாகவும் தேர்ந்தெடுத்து, பேக் டைப்பை நார்மல் என வைத்து, செலக்டட் டு ஆக்டிவ், கேஜ் இரண்டையும் இயக்குங்கள். எக்ஸ்ட்ரூஷன் என்பது, செதுக்கிய கல்லைத் தேடிக் கதிர்கள் புறப்படும் கூடு (கேஜ்) எளிய கல்லிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதற்கான அளவு. ஒரு மீட்டர் கல்லுக்கு 2 செ.மீ.யில் தொடங்கலாம். அது குறைந்தால், கூட்டுக்கு வெளியே துருத்திய பகுதிகள் விடுபடும். மிகுந்தால், கதிர்கள் அருகிலுள்ள வேறு பகுதியைத் தொட்டுவிடும்.

பேக் முடிந்த கையோடு படத்தைத் தனிக் கோப்பாகச் சேமித்துவிடுங்கள். பிளெண்டர் கோப்பைச் சேமித்தால் படமும் சேர்ந்துகொள்ளும் என்று நம்பி, நான் ஓர் இரவின் உழைப்பை இழந்திருக்கிறேன்.

இனி அந்த நோடை நார்மல் மேப் நோடின் வழியாக மெட்டீரியலோடு இணைத்து, செதுக்கிய கல்லை மறைத்துவிட்டு, ஒரு விளக்கைத் தாழ வைத்து மாடலைச் சுற்றி நகர்த்துங்கள். துளைகள் துளைகளாகவே தெரிந்தால் பதிவு சரி. இதே படத்தை அன்ரியல் என்ற கேம் எஞ்சினுக்குக் கொண்டு சென்றதும் குழிகள் சில கோணங்களில் மேடுகளாகத் தோன்றினால் மீண்டும் பேக் செய்யத் தேவையில்லை. பிளெண்டரும் யூனிட்டி என்ற மற்றொரு கேம் எஞ்சினும் பச்சையை மேல்நோக்கிக் கொள்ளும் ஓப்பன்ஜிஎல் முறையைப் பின்பற்ற, அன்ரியல் அதைக் கீழ்நோக்கிக் கொள்ளும் டைரக்ட்எக்ஸ் முறையைப் பின்பற்றுவதால், பச்சை அலைவரிசையை மட்டும் தலைகீழாக்கினால் போதும்.