கவிதையைப் பற்றிக் கேட்டால் மரம் நடச் சொல்லாதீர்கள்

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் சாயங்கால நேரத்தில் எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். கடிதம், கிராமர் எல்லாம் எப்படியோ தேறிவிடும். ஆனால் ஒரு கவிதையைக் கொடுத்து பெர்சனல் ரெஸ்பான்ஸ் எழுதச் சொன்னால் நன்றாகப் படிக்கிற பிள்ளைகூடப் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். கேட்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. கவிதையில் எந்த இடம் உன்னைத் தொட்டது, ஏன் தொட்டது, இந்த இரண்டும்தான். நான் திருத்துகிற விடைகளில் பெரும்பாலும் இதில் ஒன்று இருக்காது, சில விடைகளில் இரண்டுமே இருக்காது.

கீவ் படேலின் ‘ஆன் கில்லிங் எ ட்ரீ’ கவிதையை ஒன்பதாம் வகுப்பில் நிறையப் பேர் படித்திருப்பீர்கள். மரத்தைக் கொல்வது எப்படி என்று ஒருவர் நிதானமாக வகுப்பெடுப்பதுபோலப் போகும் அது. கத்தியால் ஒரு குத்துக் குத்தினால் போதாது, வெட்டினாலும் பட்டையில் ரத்தம் கசிந்து ஆறிவிடும், தரையை ஒட்டி மறுபடி துளிர் விடும், வேரோடு இழுத்து வெளியே போட்டு வெயிலிலும் காற்றிலும் வாடவிட்டால்தான் காரியம் முடியும் என்று சொல்லும்.

இதற்கு வருகிற விடைகள் அனேகமாக எல்லாமே ஒரே இடத்தில் போய் நிற்கும்: மரம் வளர்ப்போம், மழை பெறுவோம். கவிதையில் மழையும் இல்லை, மரம் நடச் சொல்லும் வரியும் இல்லை. அதிலுள்ள பயங்கரமே அந்தக் குரலின் அமைதிதான். அதைக் கேட்காமல் நேராகச் சுவரொட்டி வாசகத்துக்குப் போய்விட்டால் கவிதையைப் படித்ததற்கே அடையாளம் இருக்காது. அடுத்தது சம்மரி. முதல் பத்தியில் கவிஞர் இதைச் சொல்கிறார், இரண்டாம் பத்தியில் அதைச் சொல்கிறார் என்று பக்கம் நிறைந்துவிடும், எழுதின பிள்ளை எங்கே என்று தேட வேண்டியிருக்கும். கைடைப் பார்த்து எழுதுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம், ஒரே வாக்கியம் ஐந்து நோட்டில் வரும்போதே தெரிந்துவிடும்.

ஒரு பிள்ளை இப்படித்தான் கைடிலிருந்து எழுதிக்கொண்டு வந்தாள். நான் நோட்டை மூடி வைத்துவிட்டு, ‘சரி மக்களே, கவிதையில எந்த வரி ஞாபகம் இருக்கு?’ என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்: ‘அந்தப் பட்டை ஆறுறது டீச்சர். எங்கப்பா ரப்பர் பால் வெட்டப் போறவங்க. அதே மரத்துல ஒண்ணுவிட்ட ஒருநாள் கத்தி வைக்கிறாங்க, மரம் சாவாது. பட்டை திரும்ப வளரும், ஆனா தழும்பு இருக்கும்.’ இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். ‘இதெல்லாம் எழுதலாமா டீச்சர்?’ என்றாள்.

எழுதலாம். அதைத்தான் எழுத வேண்டும். கத்தி பட்டையோடு நிற்க வேண்டும், உள்ளே மரக்கட்டைவரை இறங்கிவிட்டால் மரத்துக்குக் கேடு என்று அவள் அப்பாவின் கைக்குத் தெரியும், அந்தக் கவனத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அவள். ‘ப்ளீடிங் பார்க்’, ரத்தம் கசிகிற பட்டை, என்ற இரண்டு சொல்லைப் படித்ததும் விடியுமுன்னே சிரட்டையில் சொட்டுகிற பால் அவள் கண்ணில் வந்திருக்கிறது. ரப்பர் காட்டைப் பார்த்தே இராத ஒருவரால் அப்படிப் படிக்க முடியாது. எங்கள் மாவட்டப் பிள்ளைகள் கையில் இவ்வளவு இருக்கும்போது கைடிலிருந்து கடன் வாங்குகிறார்களே என்று எனக்கு உண்மையிலேயே ஆற்றாமையாக இருக்கிறது.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பையன் மறுவாரம் எதிர்ப்பக்கம் விழுந்தான். முக்கால் பக்கத்துக்கு அவன் வீட்டு ரப்பர், பாலை ஷீட்டாக அடிக்கிற மெஷின், வெட்டின இடத்தில் காய்ந்து ஒட்டியிருக்கிற ஒட்டுப்பால் விற்கிற விலை எல்லாம் எழுதியிருந்தான். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கவிதையைக் காணோம். சொந்தக் கதை இரண்டு மூன்று வாக்கியம் போனதும் கவிதையின் ஒரு சொல்லுக்குத் திரும்பி வந்துவிட வேண்டும். அப்பா வைக்கிற கத்திக்கு மரம் பிழைக்கிறது, கவிதையில் வேரோடு பிடுங்குகிறவனிடம் பிழைக்கவில்லை, இந்த இரண்டு கைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் அவன் ரப்பர் அனுபவம் கவிதைக்குள்ளேயே வந்துவிடுகிறது.

அனுபவம் இல்லாததை இருக்கிற மாதிரி எழுதுவதும் தவறு. ராபர்ட் ஃப்ராஸ்ட்டின் ‘ஸ்டாப்பிங் பை வுட்ஸ் ஆன் எ ஸ்னோயி ஈவினிங்’ 1923-இல் வெளிவந்தது, 16 வரிதான். பனி கொட்டுகிற காட்டோரம் ஒருவர் குதிரையை நிறுத்திப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நம் பிள்ளை ஒருவன் தானும் பனியில் நின்றதாக எழுதினான். பேச்சிப்பாறை போகிற வழியில் சாயங்காலம் ரப்பர் காட்டுக்குள் சைக்கிளை நிறுத்தினால் வருகிற அமைதி போதுமே, அதை எழுது என்றேன்.

அந்தக் கவிதையின் கடைசி வரி இரண்டு தடவை வரும், தூங்குவதற்கு முன் இன்னும் வெகுதூரம் போக வேண்டும் என்று. பிள்ளைகள் ‘ரெப்பெட்டிஷன் இருக்கிறது’ என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். அணியின் பெயரைச் சொல்வது பாதி வேலைதான். முதல் தடவை அது தூரக்கணக்கு மாதிரி இருக்கிறது, இரண்டாம் தடவை களைத்துப்போன ஒருவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது மாதிரி கேட்கிறது என்று எழுதினால் காது கொடுத்திருக்கிறாய் என்று தெரியும். அதற்குச் சத்தமாக வாசிக்க வேண்டும். கண்ணால் மட்டும் படித்தால் இது பிடிபடாது.

கவிதையில் பேசுகிறவர்தான் கவிஞர் என்று நினைத்து, கீவ் படேல் இரக்கமில்லாத மனிதர் என்றே ஒரு பிள்ளை எழுதியிருந்தாள். அவர் மும்பையில் தொழில் பார்த்த மருத்துவர். அது தெரிந்தால் ரத்தம் கசிதல், ஆறுதல் போன்ற சொற்கள் மேல் கண் போகும். அப்படி உதவினால் மட்டும் கவிஞர் வாழ்க்கையைக் கொண்டுவாருங்கள், பிறந்த ஊரும் வருஷமும் பக்கம் நிரப்ப வேண்டாம். அதேபோல வரி வரியாக மேற்கோள் காட்டவும் வேண்டாம், இரண்டு மூன்று சொல் போதும். பிடிக்கவில்லை என்றாலும் எழுதலாம், எந்த இடத்தில் பிடிக்காமல் போனது என்று காட்டினால் சரி.

கடைசியாக மொழி. தமிழில் யோசிப்பதில் தவறே இல்லை, சொல்லுக்குச் சொல் மாற்றுவதில்தான் சிக்கல். ரப்பர் தழும்பைச் சொன்ன அந்தப் பிள்ளை மறுநாள் ‘மை ஃபாதர் கட்ஸ் மில்க்’ என்று எழுதிக்கொண்டு வந்தாள். பால் வெட்டுவதற்கு டாப்பிங், அந்தப் பாலுக்கு லேடெக்ஸ் என்று இரண்டே சொல்தான் சொல்லிக்கொடுத்தேன். மற்ற ஒன்பது வாக்கியமும் அவளுடையது, தழும்பு உட்பட.