நெடும்பயண மிதிவண்டிக்கு ஸ்டாண்டு: பொருத்தும் முன் பார்க்க வேண்டியவை

நெடும்பயண மிதிவண்டிக்கு ஸ்டாண்டு தேவையா என்று பேச்செடுத்தால், பலரும் முதலில் எடையைத்தான் காரணம் காட்டுகிறார்கள். அலுமினிய ஒற்றைக்கால் ஸ்டாண்டு ஏறத்தாழ 300 கிராம் இருக்கும். கூடாரம், துணிமணி, தண்ணீர் என 20 கிலோ ஏற்றிக்கொண்டு கிளம்புபவருக்கு அது ஒரு பொருட்டே அல்ல. சாய்த்து வைக்கச் சுவரோ மரமோ இல்லாத இடத்தில் வண்டியைத் தரையில் கிடத்தி, சுமையோடு மீண்டும் தூக்கி நிறுத்துவதுதான் உண்மையான சிரமம். ஆகவே, முடிவை எடையைக் கொண்டு எடுக்காமல், உங்கள் வண்டியின் ஃபிரேமைக் கொண்டு எடுங்கள்.

பெடல் அச்சுக்குச் சற்றுப் பின்னால், பின்சக்கரத்தின் இருபுறமும் செல்லும் இரு கீழ்க்குழாய்களுக்கு நடுவே ஸ்டாண்டுக்கென்றே ஒரு தட்டு வெல்டு செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தயங்காமல் பொருத்தலாம். இல்லையென்றால் ஸ்டாண்டை அந்தக் குழாய்களின் மீதே கிளாம்பு போட்டு இறுக்க வேண்டியிருக்கும். அளவுக்கு மீறி இறுக்கினால் சுவர் மெலிந்த குழாய் நசுங்கும், தளர்வாக விட்டாலோ ஸ்டாண்டு திரும்பித் திரும்பிப் பெயின்டைச் சுரண்டும். கார்பன் ஃபிரேமில் எந்தக் கிளாம்பையும் இப்படி மாட்டவே கூடாது.

தட்டு இல்லாத உலோக ஃபிரேமுக்கு, பின்சக்கர அச்சுக்கு அருகே பொருத்தும் ஸ்டாண்டையே நான் பரிந்துரைப்பேன். சில ஃபிரேம்களில் அதற்கென 18 மி.மீ. இடைவெளியில் இரண்டு துளைகள் இருக்கும். துளை இல்லாவிட்டால், கீழ்க்குழாயையும் மேலிருந்து இறங்கும் குழாயையும் சேர்த்துப் பிடிக்கும் வகை உண்டு. பிடிமானம் இரண்டு குழாய்களுக்கும் பகிரப்படுவதோடு, கேரியரில் இருக்கும் சுமைக்கு அருகிலேயே கால் ஊன்றுவதால் வண்டி உறுதியாகவும் நிற்கும். இரட்டைக்கால் ஸ்டாண்டு வண்டியை நேராக நிறுத்தும் என்பதால் இருபக்கப் பைகளையும் மாட்டுவதற்கு வசதியானது. ஆனால் எடை கூடுதல், மேலும் கால்களை இறக்கியபின் பெடலைப் பின்னோக்கிச் சுற்றினால் அது ஸ்டாண்டின் காலில் இடிக்கும்.

பொருத்தும்போது கியர் கேபிளோ பிரேக் கேபிளோ கிளாம்புக்குள் சிக்கவில்லை என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். காலின் நீளத்தை வெற்று வண்டியில் அளக்காதீர்கள். டயர்களில் முழுக் காற்று அடித்து, பயணத்தில் ஏற்றும் சுமை முழுவதையும் ஏற்றியபின், வண்டி இடப்பக்கம் லேசாகச் சாய்ந்து நிற்கும் நிலையில் அளக்க வேண்டும். கால் நீண்டுவிட்டால் சிறு காற்றுக்கே வண்டி வலப்பக்கம் சரியும், குட்டையாகிவிட்டால் சாய்வு மிகுந்து முழுப் பாரமும் ஸ்டாண்டின் மூட்டில் இறங்கும். நீளத்தை மாற்றும் திருகு இல்லாத அலுமினியக் காலை ஆக்சா பிளேடால் அறுத்துக் குறைக்கலாம். ஒரே முறையில் அறுக்காமல் சில மில்லிமீட்டர்களாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் நிறுத்திப் பாருங்கள். முனையை அரத்தால் தேய்த்து ரப்பர் மூடியைத் திரும்ப மாட்டுங்கள். முதல் நாள் ஓட்டம் முடிந்ததும் போல்ட்டை மறுபடி சோதிப்பது அவசியம், ஏனெனில் புதிய கிளாம்பு அதிர்வில் படிந்து தளரும்.

ஸ்டாண்டு இருந்தும் வண்டி விழுவதற்குப் பெரும்பாலும் முன்சக்கரமே காரணம். முன்னால் பை மாட்டியிருந்தால் ஹேண்டில்பார் தானாகத் திரும்பி வண்டியைக் கவிழ்த்துவிடும். முன் பிரேக் பிடியை ஒரு ரப்பர் வளையத்தால் இழுத்துக் கட்டினால் சக்கரம் உருளாமல் நின்று, இந்த ஆபத்து பெருமளவு குறையும். சரிவில் வண்டியின் முகம் மேட்டை நோக்கியிருக்கட்டும், ஏனெனில் வண்டி முன்னோக்கி உருண்டால் கால் பின்னால் மடங்கிக்கொள்ளும். மணலிலும் சேற்றிலும் காலுக்கடியில் தட்டையான கல்லையோ மூடியையோ வையுங்கள். ஸ்டாண்டில் நிற்கும் வண்டியின் மேல் ஏறி உட்காராதீர்கள்.

கார்பன் ஃபிரேம் வைத்திருப்பவர்களும், கிளாம்பு போட மனம் ஒப்பாதவர்களும் மடக்குக் கோல் ஒன்றை எடுத்துச் செல்லலாம். அதன் மேல்முனையை ஃபிரேமின் மேல்குழாய்க்கு அடியில் முட்டுக்கொடுத்து, பிரேக்கையும் கட்டிவிட்டால் வண்டி நிற்கும். ஒவ்வொரு முறையும் எடுத்து விரிக்க வேண்டியிருந்தாலும், ஃபிரேமில் ஒரு கீறல்கூட விழாது.