வெள்ளவத்தைக்குப் பின்பக்கம் ஒரு கோட்டை: ஏரிக்கரையில் ஒரு நாள்

கட்டுநாயக்கவில் இறங்கி யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ போகுமுன் கொழும்பில் இரண்டு நாள் தங்காதவர்கள் குறைவு. அந்த இரண்டு நாளும் எப்படிப் போகும் என்பதும் தெரிந்ததுதான்: வெள்ளவத்தையில் சேலை, செட்டியார் தெருவில் நகை, மாலையில் காலிமுகத்திடலில் இறால் வடை. பிள்ளைகள் அறைக்குள் போனும் கையுமாக இருப்பார்கள். அதில் ஒரு நாளைக் கோட்டேக்குக் கொடுங்கள். வெள்ளவத்தையிலிருந்து எட்டு ஒன்பது கிலோமீற்றருக்குள் ஏரி, சதுப்புக் காட்டுப் பாதை, பழைய அரசொன்றின் அகழி எல்லாம் கிடக்கின்றன. அந்த அரசின் கதையில் பாதி நம்முடைய கதை.

பெயரிலேயே தொடங்கலாம். கோட்டே என்பது நம் கோட்டைதான். எத்துல் கோட்டே என்றால் உட்கோட்டை, பிட்ட கோட்டே என்றால் வெளிக்கோட்டை. பஸ் நடத்துநர் கத்தும் இந்த இரண்டு பெயரையும் பிடித்துக்கொண்டால் ஊரின் வரைபடம் பாதி புரிந்துவிடும். மூன்று பக்கம் சதுப்பும் நீரும், தெற்கில் மட்டும் தரை. அந்தத் தரைப்பக்கத்தை வெட்டி அகழியும் செம்பூராங்கல் மதிலும் வைத்தார்கள். உள்ளே இருந்தது எத்துல், வெளியே இருந்தது பிட்ட.

எப்போது போவது

தை முதல் பங்குனி வரை நல்ல காலம். மழை குறைவு, வலசை வந்த பறவைகளும் நிற்கும். ஆனால் பெரும்பாலோர் வருவது ஆடி ஆவணியில், பள்ளி விடுமுறைக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கும். அதுவும் பிழையில்லை. தென்மேல் பருவமழை அப்போது விட்டுவிட்டுத்தான் பெய்யும். ஒக்டோபர், நவம்பரில் மட்டும் வேலைகளைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். பின்னேரம் இடியோடு கொட்டும். கோட்டே தாழ்ந்த நிலம், நீர் வடிய நேரமெடுக்கும். 2010 நவம்பர் வெள்ளத்தில் இங்குள்ள பாராளுமன்றத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. பெருமழைக்கு மறுநாள் மரப்பாதைகளை மூடியும் விடுவார்கள்; போகுமுன் விசாரியுங்கள்.

போயா (பௌர்ணமி) நாளில் விகாரைப் பக்கம் நெரிசல், அன்று மதுவும் விற்கமாட்டார்கள். பாராளுமன்றம் கூடும் நாட்களில் பொல்துவ சந்தியைப் பொலிஸார் மறிப்பதுண்டு; ஆர்ப்பாட்டம் இருந்தால் சொல்லவே வேண்டாம். சனி அல்லது ஞாயிறு காலைதான் சுகம்.

போகும் வழி

காலை ஐந்தே முக்காலுக்குப் புறப்பட்டால் ஓட்டோவில் அரை மணிக்குள் பெத்தகான சதுப்புப் பூங்கா. அதே தூரத்துக்குப் பின்னேரம் ஐந்து மணிக்கு ஒன்றேகால் மணி நேரம் பிடித்தாலும் ஆச்சரியமில்லை. சுற்றிச் சுற்றிப் போவதைச் சிங்களத்தில் ‘பறங்கி கோட்டே போன மாதிரி’ என்பார்கள். போர்த்துக்கேயர் முதன்முதலில் வந்தபோது, தலைநகர் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று தெரியக்கூடாதென்று அவர்களைக் காடு மேடெல்லாம் மூன்று நாள் நடத்திக் கொண்டுபோனார்களாம். இப்போது அந்த வேலையை நுகேகொட சந்தி செய்கிறது.

பிக்மீ அல்லது ஊபர் செயலியில் ஓட்டோ பிடித்தால் பேரம் பேசும் தொல்லையில்லை. உள்ளூர் சிம் ஒன்றை விமான நிலையத்திலேயே வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். சாரதி உங்களைத் தேடி அழைக்கும்போது வெளிநாட்டு நம்பருக்கு அழைக்கமாட்டார், பயணத்தை ரத்துச் செய்துவிடுவார். பஸ் என்றால் கொள்ளுப்பிட்டியிலிருந்து கடுவெல போகும் 177, ராஜகிரிய வழியாகப் பொல்துவ பக்கம் இறக்கிவிடும். அங்கிருந்து பெத்தகானவுக்கு ஓட்டோ. நூறு, ஐந்நூறு ரூபாய்த் தாள்களாகக் கையில் வைத்திருங்கள். ஐயாயிரத்தை நீட்டினால் மாற்றித் தர விடியற்காலையில் யாரிடமும் சில்லறை இருக்காது.

கோட்டே பெரும்பாலும் சிங்களம் பேசும் ஊர். ‘கீயத’ (எவ்வளவு), ‘கெலின்ம யன்ன’ (நேரே போங்கள்), ‘மெதன நவத்தன்ன’ (இங்கே நிறுத்துங்கள்), இந்த மூன்றும் போதும். பெயர்ப்பலகைகளில் தமிழும் இருக்கும். எழுத்துப்பிழையைக் கண்டு சிரித்துவிட்டு அம்புக்குறியை நம்புங்கள்.

பெத்தகான சதுப்புப் பாதை

இந்த நாளின் உச்சம் இதுதான், அவசரப்படாதீர்கள். ஏறத்தாழ 18 ஹெக்டேயர் சதுப்புக்குள் பலகைப் பாதை போட்டு 2016இல் திறந்த பூங்கா. இதுபோன்ற சதுப்புகளால்தான் கொழும்புக்கு 2018இல், ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. உள்ளூராருக்கும் வெளிநாட்டவருக்கும் நுழைவுக் கட்டணம் வேறு. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் தேசிய அடையாள அட்டையை எடுத்துப் போங்கள். தமிழ் முகத்தையும் பேச்சையும் காட்டிச் சமாளிக்கலாம் என்று நின்றால் வாசலில் பிள்ளைகளுக்கு முன்னால் மானம் போகும்.

பலகை ஈரமானால் பாசி பிடித்து வழுக்கும். றப்பர் செருப்பு கூடாது, அடியில் வெட்டுள்ள சப்பாத்துப் போடுங்கள். பறவை பார்க்கும் தொலைநோக்கி 8x42 அளவு இருந்தால் நல்லது. அதைவிடப் பெருப்பிப்பது கையில் நடுங்கும்.

நடப்பதைவிட நிற்பதில்தான் காட்சி கிடைக்கும். பாதை நீர்வெளியைத் தொடும் இடத்தில் பத்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். முதலில் ஒன்றுமே இல்லாதது போலிருக்கும். பிறகு ஆம்பல் இலை ஒன்று அசையும்: நீளவால் இலைக்கோழி. அதன் விரல்கள் உடம்புக்குப் பொருந்தாத நீளம். பாரம் பல இலைகளில் பரவுவதால் இலை அமிழ்வதற்குள் அடுத்த இலைக்குப் போய்விடும். சம்புப் புல்லுக்குள் ஊதா நிறத்தில் நடப்பது நீலத் தாழைக்கோழி; சிவந்த அலகால் தண்டைப் பிடுங்கி, காலால் பிடித்துக்கொண்டு, நம்மைப்போலக் கையில் வைத்துச் சாப்பிடும். நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைப்பதை எங்கும் காணலாம்.

பாதையில் ஆறடி நீளத்தில் குறுக்கே கிடப்பது முதலையல்ல, நீர் உடும்பு, சிங்களத்தில் கபரகொயா. துரத்தாது. ஆனால் வழியை மறித்துப் படம் எடுக்கப் போனால் வாலால் அடிக்கும், அந்த அடி பிரம்படி போலிருக்கும். முதலையும் இந்த நீரில் இல்லாமலில்லை, ஆகவே கால் நனைக்க இறங்கவேண்டாம். மீன்பிடிப் பூனை இங்குள்ள பெரிய மனிதர். இரவில்தான் நடமாட்டம், கண்டால் உங்கள் அதிர்ஷ்டம்.

எங்கு பார்த்தாலும் பச்சைப் பழம் தொங்கும் சீத்தா மரம் போன்ற ஒன்று நிற்கும். வெல் ஆத்தா என்று பெயர், வெளிநாட்டிலிருந்து வந்து சதுப்பை விழுங்கிக்கொண்டிருக்கும் மரம். அடர்ந்து நின்று நிழல் கட்டுவதால் சம்பும் ஆம்பலும் அதன் கீழ் பிழைப்பதில்லை.

பெத்தகான நிறைந்திருந்தால் தலவத்துகொட பக்கம் தியசரு பூங்கா. அங்கே மரநிழல் கூடுதல், குழந்தை வண்டி தள்ளவும் சுகம். உண்மையான மழைக்காட்டு நடை வேண்டுமென்றால் இங்கிரிய பக்கம் போதினாகல. அதற்கு முழுநாளும் அட்டைக்கு உப்பும் தேவை.

ஒரு கஞ்சி, பிறகு வரலாறு

எட்டரைக்கு வெளியே வந்தால் ஏரிக்கரை நடைபாதைப் பக்கம் கொல கெந்த விற்பார்கள். வல்லாரை, முருங்கையிலை போன்ற இலைகளின் சாறு விட்ட பச்சைக் கஞ்சி, கூடக் கடிக்க ஒரு துண்டுக் கருப்பட்டி. நம் இலைக்கஞ்சியின் சிங்களச் சகோதரம். சைவக்காரர் காலைச் சாப்பாட்டை வெள்ளவத்தையிலேயே பார்சல் கட்டிக்கொள்ளுங்கள். இங்கே பாண் வகைகளுக்குள் எல்லாம் மீன் ஒளிந்திருக்கும்.

கோட்டேயில் பொலன்னறுவை போன்ற தூண் வரிசையை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். 1565இல் போர்த்துக்கேயர் அரசனையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போனபின் ஊர் பாழடைந்தது, கல்லும் போயிற்று. பிட்ட கோட்டே சந்தியில் கல் அம்பலம என்ற வழிப்போக்கர் மடம் நிற்கிறது. அம்பலம் என்ற சொல்லை விளக்கவேண்டியதில்லை. எத்துல் கோட்டேயில் அளகேஸ்வர வீதியோரம் கட்டட அத்திவாரங்கள், வீடுகளுக்கு நடுவில் மதில் துண்டுகள், அகழி. பெத்தகான வெஹெரகந்தவில் தூபிகளின் அடித்தளம். எல்லாம் ஒன்றரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். ஒரே ஓட்டோவைக் காத்திருக்கச் சொல்லி, காத்திருப்புக் காசை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். விகாரைக்குள் போவதென்றால் தோளும் முழங்காலும் மூடியிருக்கவேண்டும், புத்தர் சிலைக்கு முதுகு காட்டிச் செல்ஃபி எடுக்கக்கூடாது. உடம்பில் புத்தர் பச்சை குத்திய பிள்ளைகள் இருந்தால் அதை மூடுங்கள். இதற்காகவே நாட்டைவிட்டுத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு.

பார்ப்பதற்குக் குறைவு, தெரிந்துகொண்டு பார்ப்பதற்கு நிறைய. 14ஆம் நூற்றாண்டில் இந்த இடத்தை அரணாக்கியவன் கம்பளை அரசின் அமைச்சன் அளகக்கோனார். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி வரி வசூலிக்க அனுப்பிய ஆட்களைத் தூக்கிலிட்டு, வரக்கூடிய படைக்கு எதிராகச் சதுப்பை வேலியாக்கினான். அடுத்த நூற்றாண்டில் கணக்குத் திரும்பியது. கோட்டே அரசன் ஆறாம் பராக்கிரமபாகுவின் வளர்ப்பு மகன் சப்புமல் குமாரன், நாம் செண்பகப் பெருமாள் என்பவன், 1450 அளவில் யாழ்ப்பாணத்தைப் பிடித்தான். பிறகு கோட்டேக்குத் திரும்பிப் புவனேகபாகு என்ற பெயரில் முடிசூடினான். நல்லூர்க் கந்தன் திருவிழாவில் கட்டியம் சொல்லும்போது ‘சங்கபோதி புவனேகபாகு’ என்று காதில் விழுமே, அந்தப் பெயர். அது இவன்தானா என்று அறிஞர்கள் இன்னும் தர்க்கிக்கிறார்கள். ஆனாலும் இந்த அகழிக்கரையில் நின்றுவிட்டு நல்லூர் போகும் பிள்ளைக்குக் கட்டியம் வேறாகக் கேட்கும்.

ஈ. டபிள்யூ. பெரேராவின் பெயரில் உள்ள கோட்டே அருங்காட்சியகம் திறந்திருந்தால் பாருங்கள். 1915 சிங்கள முஸ்லிம் கலவரத்தின்போது நடந்த அடக்குமுறையை லண்டனில் அம்பலப்படுத்த, சப்பாத்துக்குள் ஆவணத்தை ஒளித்துக் கொண்டுபோனவர். அதே விடயத்துக்காக லண்டன் போய்வந்த தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனின் வண்டியைச் சிங்களத் தலைவர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே இழுத்தார்கள்.

நேரம் இருந்தால், திரும்பும் வழியில் கொழும்பு 7 தேசிய அருங்காட்சியகம் (காலை 9க்குத் திறக்கும், அரச விடுமுறையில் மூடியிருக்கும்). காலி மும்மொழிக் கல்வெட்டு எங்கே என்று கேளுங்கள். சீனம், தமிழ், பாரசீகம். 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டு சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த கல். சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெவிநுவரத் தெனவரை நாயனார் என்ற விஷ்ணுவுக்கும், பாரசீகம் அல்லாவுக்கும் காணிக்கை சொல்கிறது: ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி என்று. 1911இல் காலியில் ஒரு மதகை மூடக் குப்புறப் போட்டிருந்தபோதுதான் கண்டெடுத்தார்கள்.

தியவன்னாவும் தூண்டிலும்

தியவன்னா ஏரியின் நடுத் தீவில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கட்டிய பாராளுமன்றம் 1982 ஏப்ரல் 29இல் திறந்தது. அதைச் சுற்றியுள்ள ஏரியும் அப்போதுதான் சதுப்பைத் தோண்டி அகலமாக்கியது. கரையிலிருந்து படம் எடுக்கலாம். வாயிலையும் காவலரையும் எடுக்கவேண்டாம். ட்ரோன் பறக்கவிட விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும், இந்த இடத்தில் அனுமதியை நினைக்கவும் வேண்டாம்.

பாலத்தடியில் நாலு பேர் தூண்டில் போட்டுக்கொண்டிருப்பார்கள். அதைப் பார்த்து நீங்களும் தொடங்காதீர்கள்: பாராளுமன்றத்தைச் சூழ்ந்த பகுதி பறவைச் சரணாலயம். நகரத்துக் கழிவுநீர் சேரும் ஏரி என்பதால் அந்த மீன் சட்டிக்கும் உகந்ததல்ல.

மீன் பிடிக்க ஆசையென்றால் பொல்கொட ஏரி. காலி வீதியால் மொறட்டுவ, அங்கிருந்து பிலியந்தல பக்கம். பாணந்துறையில் கடலோடு கலப்பதால் உப்பும் நன்னீரும் சேரும். ஆகவே கொடுவா ஏறி வரும். படகும் ஆளும் வாடகைக்குக் கிடைக்கும். ஏறுமுன் ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று எண்ணுங்கள், ‘மெதன மாளு அல்லன்ன புளுவன்த’ (இங்கே மீன் பிடிக்கலாமா) என்றும் கேட்டுவிடுங்கள். கொடுவாவுக்கு 20–30 இறாத்தல் பின்னல் நூல், நுனியில் ஒரு மீற்றர் 40 இறாத்தல் தங்கூசி. நுனித் தங்கூசி இல்லாமல் போட்டால் மீன் தலையை உதறும் முதல் உதறலிலேயே செவுள் மூடி நூலை அறுத்துவிடும். அதே செவுள் விரலையும் அறுக்கும், தூக்கும்போது கீழ்த்தாடையைப் பிடியுங்கள். உயிர் இறால் போல் இரை வேறில்லை. நீர் ஏறி இறங்கத் திரும்பும் வேளையில்தான் கடிக்கும். நடுப்பகலில் வெயில்தான் பிடிபடும். சிறுவருக்கு 10ஆம் நம்பர் முள், மெல்லிய நூல், ஒரு மிதப்பு, பாண் உருண்டை போதும்: திலாப்பியா. உருண்டை பயற்றளவைத் தாண்டினால் முள்ளைத் தொடாமலே தின்றுவிட்டுப் போகும். தூண்டில் முள்ளை விமானத்தில் கைப்பைக்குள் வைத்து வரவேண்டாம், பிடுங்கிக்கொள்வார்கள்.

கடைசியாக நுளம்பு. டெங்கு நுளம்பு பகலில், குறிப்பாகக் காலையிலும் மாலை மயங்குமுன்னும் கடிக்கும். நீங்கள் சதுப்பில் நிற்கும் நேரமும் அதுதான். முழுக்கை, நீளக் காற்சட்டை, வெளியே தெரியும் தோலுக்கெல்லாம் நுளம்பு விரட்டி, வியர்த்தால் மறுபடி. ஊர் போய்ச் சேர்ந்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் மட்டும் போடுங்கள். அஸ்பிரின், ஐபுபுரோஃபன் இரத்தப்போக்கைக் கூட்டும், தொடவேண்டாம். உடனே வைத்தியரிடம் போங்கள், கொழும்பில் சதுப்புக்குள் நின்றேன் என்று முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். யாழ்ப்பாணமானாலும் சரி, ரொறொன்ரோவானாலும் சரி.